கல்முனைக்கு ரயில் கொண்டுவந்த நாய்கள்

மனிதகுலம் நாயோடு சேர்ந்து நடந்த நடைகளுள் ஈடிணையற்றது, கடந்த மார்ச் மாதத்துச் சனிக்கிழமையொன்றில் பாண்டிருப்பிலிருந்து ஒலுவில் வரை நடந்த நடைதான் என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும். வரலாறு தாமதித்தாலும் பாதகமில்லை. எங்கள் தலைமையகம் ஒப்புக்கொண்டுவிட்டது. கடித இலக்கம் என்னிடம் இருக்கிறது.

நான் 'கரையோர நல்வாழ்வுப் பணியக'த்தின் கல்முனைக் கிளையில் பிரதம எழுதுவினைஞன். பெயர் ஸைனுலாப்தீன். கடற்கரையையும் அதன் ஓரத்தில் வாழும் மக்களையும் நல்வாழ்வில் வைத்திருப்பது எங்கள் பணி. கடல் எங்கள் அலுவலகத்திலிருந்து இருநூறு மீற்றர் தூரத்தில் இருக்கிறது. அலுவலகத்தின் யன்னல்கள் எல்லாம் மறுபக்கம் பார்த்திருக்கின்றன. கடற்காற்றில் கடதாசிகள் பறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்களாம். இதைத்தான் தூரநோக்கு என்பது.

எங்கள் பணிப்பாளர் சென்ற வருடக் கடைசியில் இரண்டு கிழமைப் பயிற்சிக்காக ஐரோப்பா போய்வந்தார். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மக்கள் தங்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு கடலோரமாக நெடுந்தூரம் நடந்து, களைத்ததும் பக்கத்து நிலையத்தில் ரயிலேறி வீடு திரும்புவதைத் தன் கண்ணால் கண்டார். வேறு யாராக இருந்தாலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். பணிப்பாளர் நாட்டுப்பற்று உள்ளவர். திரும்பி வந்த மூன்றாம் நாளே சுற்றறிக்கை அனுப்பிவிட்டார்.

அதன் பெயர் 'கரையோர நல்வாழ்வு நடை'. ஒவ்வொரு கிளையும் பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டு செல்லநாய்களையும் ஆகக் குறைந்தது பதினைந்து கிலோமீற்றர் கடற்கரையோரமாக நடத்த வேண்டும். திரும்பி வருவது 'கட்டாயமாகப் புகையிரதத்தில்'. கூடவே ஒரு வரைபடமும் ஒரு படிவமும் வந்திருந்தன. படிவத்தில் பங்குபற்றும் நாயின் பெயர், வயது, மனநிலை ஆகியவற்றுக்கு இடம் விடப்பட்டிருந்தது. மனநிலைக்கு மட்டும் இரண்டு கட்டங்கள்: நடைக்கு முன், நடைக்குப் பின்.

சுற்றறிக்கையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரில்தான் இரண்டு சிறு குறைகள் இருந்தன.

ஒன்று, எங்கள் கிளையில் வேலை செய்யும் ஒருவரிடமும் நாய் இல்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று வீடு வீடாகத் தட்டினாலும் பூனை கிடைக்கும், ஆடு கிடைக்கும், நாய் கிடைக்காது. நாயின் ஈரம் உடம்பில் பட்டால் அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது எங்கள் மார்க்க ஒழுங்கு. ஆகவே நாய்களோடு எங்களுக்குப் பகையில்லை. கொஞ்சம் தள்ளி நின்று மரியாதையாகப் பழகுகிறோம்.

இரண்டு, கல்முனைக்கு ரயில் இல்லை.

பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் நன்றாகத் தமிழ் கதைப்பார்.

"சேர், எங்கட ஊருக்கு ரயில் இல்ல."

"அன்றைக்கு வேலைநிறுத்தமா?"

"இல்ல சேர். எப்பவும் இல்ல."

"ஓஹோ. பிந்தி வருமா?"

"ஓம் சேர். மட்டக்களப்பில வந்து நிக்கிது. கிட்டத்தட்ட நூறு வருஷம் பிந்திட்டு."

"ஸைனுலாப்தீன், நான் வரைபடத்தக் கையில வைத்துக்கொண்டுதான் கதைக்கிறன். மட்டக்களப்பிலயிருந்து உங்கட ஊருக்குள்ளால பொத்துவில் வரைக்கும் கோடு ஓடுது."

"அது புள்ளிக்கோடு சேர்."

"அப்ப ஒவ்வொரு புள்ளியிலயும் நின்று போற ரயில். ஆறுதலாக வாங்க. ஒன்றும் அவசரமில்ல."

இப்படிப்பட்ட தெளிவுக்கு முன்னால் சாதாரண எழுதுவினைஞன் என்ன கதைக்க முடியும்? இருந்தாலும், வேறொரு சுற்றறிக்கையாக இருந்திருந்தால், 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று எழுதிப் பைலுக்குள் படுக்கப் போட்டிருப்பேன். இதை அப்படிச் செய்ய முடியவில்லை. காரணம், என் தங்கை ஜெனூபா.

ஜெனூபாவின் கணவன் முர்ஷித் எங்கள் பணியகத்தின் மாத்தறைக் கிளையில் நான்கு வருடங்களாக வேலை செய்கிறான். சாய்ந்தமருதிலிருக்கும் வீட்டுக்கு வர மூன்று பஸ் மாற வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்த களைப்பு ஆறுவதற்குள் திரும்ப வேண்டும். அவர்களுடைய மகள் பஹ்மிதாவுக்கு இரண்டரை வயது. அவளுக்குத் தெரிந்த வாப்பா கைத்தொலைபேசிக்குள் இருக்கிறார். போன பெருநாளைக்கு முர்ஷித் வந்தபோது, அவன் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு, அணைந்து கிடந்த போனைத் தூக்கி, "வாப்பா எப்ப வார?" என்று கேட்டாள். ஜெனூபாவுக்கு இப்போது எட்டாம் மாதம். இரண்டாவது பிள்ளையாவது முழு வாப்பாவைப் பார்க்கட்டும் என்று, கடினப் பிரயாணத்தைக் காரணம் காட்டிக் கல்முனைக்கு இடமாற்றம் கேட்டிருந்தார்கள். விண்ணப்பம் பணிப்பாளரின் மேசையில் ஏழு மாதமாக நல்வாழ்வோடு இருந்தது.

அதையும் தொலைபேசியில் மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

"நடை நல்லபடியாக முடியட்டும்" என்றார் பணிப்பாளர். "ஒரு கட்டமும் வெறுமையாக இல்லாமல் அறிக்கை வந்தால், இடமாற்றத்த அடுத்த கிழமையே பார்ப்பன். முர்ஷித்தையும் நடையில சேருங்க. ஆர்வமுள்ள உத்தியோகத்தர் என்று பைலில போடலாம்."

ஆக, என் தங்கையின் குடும்பம் ஒன்றுசேர்வதற்குத் தேவையானவை பன்னிரண்டு நாய்களும் ஒரு ரயிலும் மட்டுமே. இவ்வளவு தெளிவாக நிர்வாகம் இதற்கு முன் யாருக்கும் வழிகாட்டியதில்லை.

நாய்களுக்காகப் பாண்டிருப்புக்குப் போனேன். அங்கே கதிர்காமத்தம்பி அண்ணன் இருக்கிறார். முப்பது வருடம் இந்தக் கரையோரம் முழுக்கச் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். அந்தக் காலத்தில் ஊர் ஊராக நாய்கள் அவரைத் துரத்தின. அவர் ஓய்வுபெற்றதும் நாய்களுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. அதன்பிறகு சினேகிதமாகிவிட்டார்கள்.

"எத்தின நாய் வேணும் தம்பி?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு. செல்லநாயா இரிக்கணும் அண்ணன்."

"செல்லமெண்டா ஆருக்குச் செல்லம்?"

"அது படிவத்தில கேக்கல்ல."

"அப்பக் கடக்கரையில கிடக்கிறதெல்லாம் செல்லம்தான். மறுகா, எங்க கொண்டு போற?"

"ஒலுவிலுக்கு. நடந்து."

கதிர்காமத்தம்பி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய் நடக்குமெண்டு ஆரு தம்பி சொன்ன? நாய் ஓடும், இல்லாட்டிப் படுக்கும். சும்மா நடக்கிறது மனிசன் மட்டும்தான்."

முர்ஷித்தின் கதையைச் சொன்னேன்.

"முப்பது வருசம் கடிதம் குடுத்தனான்" என்றார். "இப்பிடி ஒரு கடிதம் என்ட கையால ஒருத்தருக்கும் குடுக்கல்ல. அந்த மட்டுக்கும் நான் புண்ணியம் செஞ்சவன். சனிக்கிழமை விடிய வாங்க. நாய் ரெடி."

அலுவலகத்தில் ஆகிலா படிவத்தை நிரப்பினாள். ஆகிலா எங்கள் முகாமைத்துவ உதவியாளர். படம் எடுப்பதும் அவள்தான். நாயின் பெயர் என்ற இடத்தில் பேனை நின்றது. கடற்கரை நாய்களுக்குப் பெயர் கிடையாது.

"சேர், நம்மட கிளையில எத்தின பதவி வெற்றிடமாக் கிடக்கு?" என்று கேட்டாள்.

எண்ணிப் பார்த்தோம். சரியாகப் பன்னிரண்டு. ஆறு வருடமாக ஆள் தருவதாக எழுதுகிறார்கள். ஆகிலா ஒவ்வொன்றாக எழுதினாள்: உதவிப் பணிப்பாளர், சாரதி, மொழிபெயர்ப்பாளர், காவலாளி, கணக்காய்வாளர்... கல்முனைக் கிளை தன் முழு ஆளணியோடு இயங்கியது அந்த ஒரு சனிக்கிழமை மட்டுமே.

காலை ஆறு மணிக்குப் பாண்டிருப்புக் கடற்கரையில் நடை தொடங்கியது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பதவிகள். மார்க்கத்துக்கும் சுற்றறிக்கைக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்படும் வகையில், ஒவ்வொரு நாய்க்கும் உத்தியோகத்தருக்கும் இடையில் ஒன்பது அடி கரைவலைக் கயிறு. மாத்தறையிலிருந்து வெள்ளி இரவு பஸ்ஸேறி, பல் துலக்கியதும் துலக்காததுமாக நேரே கடற்கரைக்கு வந்திருந்தான் முர்ஷித். வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

சாரதி முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். காவலாளி நித்திரை. கணக்காய்வாளர் எல்லாவற்றையும் மோந்து பார்த்தார், ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கதிர்காமத்தம்பி அண்ணன் முன்னால் சாளை மீன் கூடையோடு நடந்தார். நாய்கள் அவருக்குப் பின்னால், நாங்கள் நாய்களுக்குப் பின்னால். தலைமைத்துவம் என்பதைப் பற்றி நான் கலந்துகொண்ட பதினொரு பயிற்சிப் பட்டறைகளில் இவ்வளவு தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை.

கல்முனை தாண்டிச் சாய்ந்தமருது தொடங்கும் இடத்தில் பன்னிரண்டு நாய்களும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன. எதிரே சாய்ந்தமருது நாய்கள் வரிசையாக வந்து நின்றன. ஊருக்கு ஊர் எல்லை எது என்பதைத் தீர்மானிக்க எங்கள் பகுதியில் எத்தனையோ குழுக்கள் எத்தனையோ வருடமாகக் கூடிக் கூடிக் கலைகின்றன. நாய்களுக்கு அது சாண் கணக்கில் தெரிந்திருந்தது. ஒரு குழுவிலும் நாய் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

"இனி ஏலா" என்றார் கதிர்காமத்தம்பி அண்ணன். "இதுகள் அங்கால வராது. ஆள மாத்துங்க."

மாற்றினோம். கயிறுகளை அவிழ்த்துச் சாய்ந்தமருது நாய்களுக்குப் போட்டார். அவரை அதுகளுக்கும் பழக்கம். அதே பதவிகள், வேறு ஆட்கள். பாண்டிருப்பு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்பி ஓடின.

முர்ஷித் அதுகள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான்" என்றான், "விண்ணப்பமும் இல்ல, சிபாரிசும் இல்ல. அரை நிமிஷத்தில பன்னிரண்டு பேருக்கும் சொந்த ஊர்."

"அதுகள் ஒண்டும் நிரந்தர சேவை இல்லையே" என்று சமாதானம் சொன்னேன்.

சாய்ந்தமருதில் புதிதாகப் பதவியேற்ற உதவிப் பணிப்பாளர், கபில நிறத்தில் ஒரு காது மடிந்த பெட்டை நாய். முர்ஷித்தைக் கண்டதும் அதற்கு என்ன பாசம் வந்ததோ, ஒன்பது அடிக் கயிற்றை ஒரே பாய்ச்சலில் பொருட்படுத்தாமல் வந்து அவன் கையை நக்கிவிட்டது. நடை நிறுத்தப்பட்டது. முர்ஷித் கடலில் இறங்கி ஏழு தடவை கழுவினான், மண்ணுக்குப் பஞ்சமில்லை. கரைக்கு ஏறினான். உதவிப் பணிப்பாளர் மறுபடியும் நக்கியது. இதை அது விளையாட்டென்று எடுத்துக்கொண்டது. நான்காவது நக்கலுக்கும் ஏழு தடவை கழுவி முடித்தபோது முர்ஷித்தின் உள்ளங்கை சாளை மீன் வயிற்றைப்போல் வெளுத்திருந்தது.

"காக்கா! அவரக் கொன்று போடாதீங்க!"

அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். திரும்பிப் பார்த்தேன். ஜெனூபா. வீடு கடற்கரைக்குப் பக்கம்தான். வயிற்றை ஒரு கையால் தாங்கி, மறு கையில் தண்ணீர் நிறைந்த ஜக்கோடு மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தாள்.

"நீ என்னத்துக்கு புள்ள வெயிலுக்குள்ள வாற?"

"உப்புத் தண்ணியில எத்தின தரம் கழுவுற? கை வெடிச்சிப் போகும்." முர்ஷித்தைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறாள். "இஞ்சால நீட்டுங்க கைய."

அவன் நீட்டினான். அவள் ஊற்றினாள்.

"வீட்டுக்கு வராம நாயோட போறீங்க, என்ன?"

"நாயோட போனாத்தான் வீட்டுக்கு வரலாமாம்."

"சாப்பிட்டீங்களா?"

"பஸ்ஸில ஒரு பணிஸ்."

"நல்லா மெலிஞ்சி போயித்தீங்க."

"நீதான் என்ட பங்கையும் சேத்துக் கொழுத்திரிக்காய்."

"போங்க அங்கால" என்றாள் ஜெனூபா. ஆனால் ஊற்றுவதை நிறுத்தவில்லை. பிரதம எழுதுவினைஞன் என்ற முறையில் நான் எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழு முடிந்தது. எட்டு. ஒன்பது. பத்தாவது தடவை ஜக்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இல்லாவிட்டால் நடை அன்றைக்கு அங்கேயே முடிந்திருக்கும். மேலதிகமாக ஊற்றப்பட்ட மூன்று தடவைகளுக்கு மார்க்கத்திலும் இடமில்லை, சுற்றறிக்கையிலும் இடமில்லை என்பதால் அவை அறிக்கையில் சேர்க்கப்படவில்லை.

காரைதீவில் ஒரு தொகுதி நாய்கள், நிந்தவூரில் இன்னொரு தொகுதி. மத்தியானத்துக்குப் பிறகு ஒலுவிலை அடைந்தோம். அங்கே கடைசி அரைக் கிலோமீற்றருக்குக் கடற்கரை இல்லை. கடல் தின்றுவிட்டிருந்தது. விழுந்து கிடந்த தென்னைகளுக்கும் கொட்டியிருந்த பாறாங்கற்களுக்கும் மேலால் ஏறி இறங்கினோம். பணிப்பாளரின் வரைபடத்தில் அந்த இடத்தில் அகலமான மணற்பரப்பு மஞ்சளாக மின்னியது. எங்கள் வரைபடத்தின் பெருமை இதுதான்: போய்விட்ட கடற்கரையும் அதில் இருக்கிறது, வராத ரயிலும் அதில் இருக்கிறது. இன்றைக்கு இருக்கும் மனிதர்களுக்குத்தான் இடம் போதவில்லை.

ரயிலை நான் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தேன். அட்டாளைச்சேனை ஸஜாத் பெருநாள் காலங்களில் பிள்ளைகளை ஏற்றி ஓட்டும் கார்னிவல் ரயில். முன்னால் எஞ்சின் வடிவில் தகரம் அடித்த ஒரு டிரக்டர், பின்னால் சிவப்பு வர்ணம் பூசிய நான்கு பெட்டிகள், எல்லாவற்றுக்கும் கீழே டயர். புகைபோக்கியும் உண்டு. சாம்பிராணி போட்டால் புகையும் வரும்.

"காக்கா, பெரியாக்கள் ஏறினா அச்சு தாங்குமோ தெரியா" என்று தலையைச் சொறிந்தான் ஸஜாத். "நாய் ஏறினா எனக்குப் பெட்டி கழுவுற வேல."

"ஏழு தரம்" என்றேன்.

"மண் நான் போடுறன். தண்ணி உங்கட ஒபிஸ் தரணும்."

கூரையும் மெத்தையும் உள்ள கடைசிப் பெட்டியில் நாய்களும் கதிர்காமத்தம்பி அண்ணனும் ஏறினார்கள். சிறுபிள்ளைகளுக்காகச் செய்த மற்ற ஆசனங்களில் உத்தியோகத்தர்கள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தோம். முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பாகுபாடு எல்லா ரயிலிலும் உள்ளதுதான். ஆகிலா டயர் தெரியாமல் படம் எடுத்தாள்.

ஸஜாத் ஹோர்ன் அடித்தான். ரயில் பிரதான வீதியில் ஏறியது. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். சைக்கிள்கள் ஓரம் கட்டின. நிந்தவூர்ச் சந்தியில் ஒருவர் பையும் கையுமாக ஓடிவந்து, "மட்டக்களப்புக்குப் போகுமா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்றான் ஸஜாத். அவர் முகத்தில் ஏமாற்றமே இல்லை. "அப்ப நாளைக்குப் பாப்பம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தண்டவாளம் எங்கே என்று வழியில் ஒருவரும் கேட்கவில்லை. ரயிலே வந்துவிட்ட பிறகு அதெல்லாம் எதற்கு?

திங்கட்கிழமை அறிக்கை தயாரித்தோம். முர்ஷித் லீவில் நின்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கடைசிப் பக்கத்தில் 'திரும்பிய போக்குவரத்து' என்ற இடத்தில் இரண்டே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, 'புகையிரதம்: நேரத்துக்கு வந்தது.' மற்றது, 'புகையிரதம்: தாமதமாக வந்தது.'

"மச்சான், ரெண்டும் பொய்தானே?" என்றான் முர்ஷித்.

"மூன்றாவது கட்டம் இல்ல மச்சான்."

"பக்கத்தில எழுதலாம். 'டிரக்டர்' எண்டு ஒரு சொல்."

"ஓரத்தில எழுதினா அறிக்கைய நிராகரிப்பாங்க. உன்ட பைல் இன்னும் ஏழு மாசம் படுக்கும். ஜெனூபாக்கு நாள் நெருங்கிட்டு." நான் பேனையை எடுத்தேன். "ஸஜாத் சரியாத்தானே வந்தான்."

'நேரத்துக்கு வந்தது' என்ற கட்டத்தில் சரி அடையாளம் இட்டு, கீழே கையெழுத்து வைத்து, இறப்பர் முத்திரையும் குத்தினேன். முர்ஷித் அன்றே மாத்தறைக்குப் பஸ் ஏறினான்.

அறிக்கை தலைமையகத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியதாகக் கேள்வி. மற்றக் கிளைகள் ரயில் தாமதம், நாய் கடி என்று சாக்குப்போக்குச் சொல்லியிருந்தனவாம். கல்முனை மட்டும்தான் ரயிலைச் சொன்ன நேரத்துக்கு ஓட்டியிருந்தது. நாய்களின் மனநிலை 'திருப்திகரம்' என்ற ஆகிலாவின் குறிப்பைப் பணிப்பாளர் ஒரு கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். எனக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. நிர்வாகத்தின் மீது நம்பிக்கை இழந்தவர்கள் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்து அதைப் பார்க்க வேண்டும்.

பணிப்பாளர் வாக்குத் தவறாதவர். சொன்னபடி அடுத்த கிழமையே முர்ஷித்தின் விண்ணப்பத்தைப் பார்த்தார். அவனுக்கான பதில், எங்கள் கிளையின் ஊடாக, ஜெனூபாவுக்கு ஆண் பிள்ளை பிறந்து நான்காம் நாள் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்கு ஓடினேன். பிள்ளை நித்திரை. ஜெனூபா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முர்ஷித் போனில் இருந்தான். பஹ்மிதா போனைத் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"வாசிங்க காக்கா" என்றாள் ஜெனூபா. "அவரும் கேக்கட்டும்."

உறையைக் கிழித்து, நல்ல உரத்த குரலில் வாசித்தேன்:

"'கடினப் பிரயாணம் காரணமாகத் தாங்கள் கோரிய இடமாற்றம் தொடர்பானது. கல்முனைக்குப் புகையிரத சேவை நேரந்தவறாது இயங்குவது, கல்முனைக் கிளையின் பிரதம எழுதுவினைஞரால் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே கடினப் பிரயாணம் என்ற காரணம் தற்போது நிலவவில்லை. இடமாற்றக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. தாங்கள் குடும்பத்தைப் பார்த்து வருவதற்காக, மாத்தறையிலிருந்து கல்முனைக்கு இலவசப் புகையிரதப் பயணச்சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'"

போனில் முர்ஷித்தின் முகம் அப்படியே நின்றது. வலையமைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவன் இமை அசைந்தது.

ஜெனூபா கையை நீட்டிப் பயணச்சீட்டை வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டாள்:

"காக்கா, நீங்க கொண்டுவந்த ரயில்தானே. எத்தின மணிக்கு வரும்?"

நான் சொன்னேனே, இந்த நடையின் மகத்துவத்தை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும். நூறு வருடமாக ரயில் இல்லாமலே இந்த ஊர்க்காரர் எப்படியோ வீடு வந்து சேர்ந்தார்கள். நான் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதனால் ஒருவன் வர முடியாமல் போய்விட்டது.